கிடை போட்ட மூலையில் எடுத்த மண்

மடையைத் திருப்பிவிட்டு வரப்பில் நின்றபோது கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போன் வந்தது. "ஜமீலா மேடம் தவறிட்டாங்கய்யா." மண்வெட்டியைக் கழுவிப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். கோரிப்பாளையத்து வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் எடுத்துவிட்டார்கள். வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

வருகிற பஸ்ஸில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "தங்கமான பொம்பளண்ணே. உங்க வயல்ல மட்டுந்தான் கணக்கைத் தப்பாச் சொல்லிருச்சு," என்றார். புகழ்ந்துதான் சொன்னார். எனக்குத்தான் பஸ் காளவாசல் தாண்டியதுகூடத் தெரியவில்லை.

அதனால்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். ஜமீலாவைத் தெரிந்த நீங்கள் எல்லாரும் கேட்க வேண்டும். எனக்கு மகள் வயது என்பதால் அவள் என்றே சொல்கிறேன்.

வேளாண்மை ஆபீசிலிருந்து நம்ம ஊருக்கு வந்த புதிதில் வீடு வீடாகத் துணிப்பை கொடுத்தாள். "வயல்ல பத்து இடத்துல ஒரு சாண் ஆழம் வெட்டி, எல்லாத்தையும் கலந்து அரைக் கிலோ கொண்டாங்கய்யா. உரம் எம்புட்டுப் போடணும்னு மண்ணே சொல்லும்," என்றாள். ஊரில் யாரும் அசையவில்லை. முதல் ஆளாக நான் கொடுத்தேன்.

எங்கே எடுத்தேன் என்பதுதான் விஷயம். கிணற்றடி மூலையில் முந்தின கோடையில் ஆட்டுக்கிடை போட்டிருந்தேன். புழுக்கை விழுந்து விழுந்து மண் கருகருவென்று புட்டு மாதிரி உதிரும். பத்து வெட்டையும் அங்கேயே வெட்டினேன். நாலு பேர் பார்க்கிற இடத்துக்குப் போகிற மண், மட்டமானதையா அனுப்புவது என்று நினைப்பு.

மண் பரிசோதனை அட்டை வந்தது. சங்கத்து எழுத்தர் வாசித்தார்: சத்து ஏராளம், யூரியாவைப் பாதியாகக் குறைக்கலாம். டீக்கடையில் எல்லாரிடமும் காட்டினேன். அட்டை சொன்னபடி குறைத்தேன். நட்டு ஒரு மாதத்தில் நெல் வெளுத்துப் போனது.

அவள் வந்ததும் சங்கத்து வாசலில் மறித்துக் கேட்டேன். "டவுன்ல வெயில் படாம வளந்த பொண்ணு, எங்க வயலுக்குக் கணக்குப் போட வந்துட்ட. என் நெல்லுக்கு யாரு பதில் சொல்றது?" ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் நேராக என் வயலுக்கு நடந்தாள். செருப்பை வரப்பில் விட்டுச் சேற்றில் இறங்கினாள். வயல் முழுக்க மஞ்சள், கிணற்றடி மூலை மட்டும் கரும்பச்சை. அதையே பார்த்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பொண்ணு பார்க்க வந்திருக்கேன்னு நெனச்சுட்டீங்களாய்யா? நான் வைத்தியம் பார்க்க வந்தவ. நோவு இருக்கிற இடத்தையில்ல காட்டணும்," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கூடவே வந்து வரப்பில் நின்ற ஆட்களிடம் வேறு மாதிரி சொன்னாள். "தப்பு என்னோடது. நானே வந்து மண் எடுத்திருக்கணும். மேலுரத்தை ரெண்டு தடவையாப் பிரிச்சுப் போட்டா பயிரு தேறிரும்."

பயிர் தேறியது. ஆனால் அந்த வருஷம் ஒருத்தரும் அவளிடம் மண் கொடுக்கவில்லை. "பெருசு வயல்ல பண்ணுனது போதாதா?" என்று பையைத் திருப்பிக் கொடுத்தார்கள். வெறும் பைகளோடு வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பாள். என்னைப் பார்த்தால், "சாப்பிட்டீங்களாய்யா?" என்பாள். தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டுவேன்.

ஒருநாள் பொறுக்காமல், "ஊர்ல உண்மையைச் சொல்லிரட்டா தாயி?" என்று கேட்டேன்.

"வேணாய்யா. உங்களைப் பார்த்துச் சிரிப்பாங்க. அப்புறம் இதே மாதிரி எடுத்தவங்க எங்கிட்டச் சொல்லாம மறைப்பாங்க. எனக்கு மண்ணு சரியா வந்தாப் போதும்."

அந்தச் சொல்லைச் சாக்காக வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். அடுத்தடுத்த போகங்களில் அவளே ஒவ்வொரு வயலிலும் இறங்கி மண் எடுத்து, ஒவ்வொருவராகத்தான் ஊரை மீட்டாள். அவள் உயிரோடு இருக்கும்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

ஜமீலா கணக்கு தப்பவில்லை. தப்பான மண்ணைக் கொடுத்தது நான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

இப்போதும் மண் எடுக்கப் போனால், பயிர் சவலையாக நிற்கிற வடகோடியில் கை கொஞ்சம் தயங்கும். முதல் வெட்டை அங்கேதான் போடுகிறேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.