செவ்வாய், வியாழன், சனி வீட்டில்

முட்டி வலி முற்றிப் போனதும் கம்பெனியில் எனக்கு வாரம் மூன்று நாள் வேலை போதும் என்று முடிவு செய்தார்கள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் சூப்பர்வைசர் நான். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டால் ரிட்டயர்மெண்ட் கஷ்டமாக இருக்காது என்றார் மேனேஜர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

முதல் செவ்வாய்க்கிழமை வீடு அநியாயத்துக்கு அமைதியாக இருந்தது. அத்தனை மிஷின்களும் ஒன்றாக ஓடும் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே என் குரல் தடித்துப் போயிருந்தது. இப்போது அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது. பசை வாடை, புதுத் தோல் வாடை, மதியம் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கைவிட்டுச் சாப்பிட்டது, ரம்ஜான் முடிந்து வந்து சேரும் பிரியாணி என்று எல்லாவற்றுக்கும் மனசு ஏங்கியது.

வீட்டில் எனக்கு வேலையே இல்லை. காட்பாடியில் ரயில்வே வேலை பார்த்து எனக்கு முன்பே ரிட்டயரான என் வீட்டுக்காரர், ஞாயிறு தவிர காலைச் சமையலையும் என் மதிய டப்பாவையும் தன்னுடையதாக்கிக்கொண்டு பல வருஷமாகிறது. சும்மா இருக்க முடியாமல் அவர் பின்னால் நின்று பீன்ஸைப் பொடியாக நறுக்கச் சொன்னேன், அடுப்பைக் குறைக்கச் சொன்னேன். ஒருநாள் கரண்டியை வைத்துவிட்டு, நாளைக்குக் கம்பெனி உண்டுதானே என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன்.

அந்த நேரம் பார்த்து கம்பெனியில் ஆர்டர் ஜாஸ்தி, பழையபடி முழு வாரமும் வர முடியுமா என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். மனசுக்குள் அப்போதே சரி என்று சொல்லியாகிவிட்டது. முட்டி எக்கேடும் கெடட்டும்.

வியாழன் மதியம் அவரிடம் விஷயத்தைச் சொல்லத்தான் சமையலறைக்குப் போனேன். அதற்குள் தட்டு வைத்து, சோறு போட்டு, கொதிக்கக் கொதிக்கக் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு ஊற்றினார். போகவும் முடியாமல் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் தனக்குப் போட்டுக்கொள்ளாமல் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாக்கறீங்க?"

"இத்தன வருஷமா உனக்குக் கட்டிக் குடுக்கறேன். டப்பா காலியாத்தான் வரும். நீ சாப்ட்டியா, யாருக்காச்சும் குடுத்துட்டியான்னு எனக்கு இன்னா தெரியும்? இன்னிக்குத்தான் நேர்ல பாக்கறேன்."

இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டேன். மறுநாள் கம்பெனிக்குப் போய், முழு வாரம் வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.