கோழி மாமாவின் ஏணி

தெருமுனைக்கு வந்ததும் அப்பா குடையை விரித்துவிடுவார். மழை இருக்க வேண்டும், வெயில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் இல்லை. பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்திருந்தாலும் விரிப்பார். முனையிலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம்தான். அந்தத் தூரத்துக்குக் குடையை வலது தோளில் சாய்த்துப் பிடித்து, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு நடந்து, வாசற்படி ஏறியதும் மடக்குவார். “வீட்டுக்குள்ளயும் விரிச்சுக்கோங்க, ஃபேன் காத்து பட்டுடப் போவுது” என்று அம்மா கிண்டல் செய்வாள். அப்பா சிரிக்க மாட்டார். நான் பள்ளியில் படித்தபோது தொடங்கிய பழக்கம் இது. நான் வேலைக்குப் போன பிறகும் மாறவில்லை.

அப்பாவுக்கு நகர அலுவலகத்தில் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை. நாற்காலி வேலை இல்லை. இன்ஜினியர் கையில் காகிதம் இருக்கும், அப்பா கையில் டேப்பு இருக்கும். சுவர் ஏறுவது, மாடி ஏறுவது, அளவைச் சத்தமாகச் சொல்வது எல்லாம் அப்பா. நிழலில் நின்று எழுதிக்கொள்வது இன்ஜினியர். ஊரில் அப்பாவுக்கு டேப்புக்காரர் என்றுதான் பெயர். அப்போது அவர் தினக்கூலிதான். நாளைக்கு வர வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதோடு முடிந்தது.

எங்கள் வீட்டுக்கு முந்தின வீடு கோழி மாமாவுடையது. சொந்தம் எதுவும் கிடையாது. அவர் அப்பாவை மாப்ள என்பார், அப்பா அவரை மச்சான் என்பார். அந்தக் கணக்கில் நான் அவருக்கு மருமகள். முட்டைகளை மின்சாரப் பெட்டிக்குள் அடுக்கி, சூடு காட்டிக் குஞ்சு பொரிக்க வைத்து விற்பது அவர் தொழில். பெட்டி முன் அறையில் இருந்தது. அதன் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றால் முட்டைக்குள்ளிருந்து கொத்தும் சத்தம் கேட்கும். “மருமகளே, கதவைத் தட்டுறான் பாரு, நீயே தொறந்து விடு” என்பார் மாமா.

பெட்டிக்குச் சூடு நிற்கக் கூடாது. கரண்ட் போனால் முட்டை குளிர்ந்துவிடும். அதற்காகத்தான் கையிலிருந்ததையெல்லாம் போட்டு மொட்டை மாடியில் சோலார் பேனல் வைத்தார், கீழே பேட்டரியும் வைத்தார். இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மதியத்துக்கு மேல் அவர் மாடியில் விழும். நிழலுக்கு மேலே பேனல் நிற்க வேண்டும் என்று இரும்புக் கால்களை உயர்த்தி வைத்திருந்தார்.

அந்த வருடம் புது விதி வந்தது. குடியிருப்புத் தெருக்களில் பேனலின் மேல் விளிம்பு மாடித் தரையிலிருந்து ஆறு அடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி கிடையாது. தெருத்தெருவாக அளந்து வந்தார்கள். எங்கள் தெருவுக்கும் வந்தார்கள்.

அப்பாவிடம் இருந்தது முனை அறுந்த டேப்பு. முதல் ஒரு அடி எப்போதோ துண்டாகிப் போயிருந்தது. புதிது கேட்டால், “வரும், வரும்” என்பார்கள் அலுவலகத்தில். அதனால் அறுந்த முனையைத் தரையில் வைத்து அளந்து, டேப்பு காட்டுவதில் ஒரு அடியை மனதுக்குள் கழித்துவிட்டுச் சொல்வார். அது அவருக்கு மூச்சு விடுவது மாதிரிப் பழகிப்போன காரியம்.

அன்று மாமா வீட்டு மாடிக்கு மாமாவின் ஏணியிலேயே ஏறினார். மாமாவும் கூடவே ஏறி வந்தார்.

“மாப்ள, உன் தொப்பையையும் சேத்து அளந்துடாதே. அது எந்த விதிக்கும் அடங்காது.”

“வாயை மூடு மச்சான், அளவு தப்பிடும்” என்று சிரித்துக்கொண்டே அப்பா விளிம்பைப் பார்த்துக் கீழே குரல் கொடுத்தார்: “ஆறே முக்கால்!”

இன்ஜினியர் எழுதிக்கொண்டார். மாமாவின் சிரிப்பு நின்றது. “அஞ்சே முக்கால்னு சொல்லித்தானே வெச்சான் அந்தப் படுபாவி!” என்று பேனல் பொருத்தியவரைத் திட்டினார். பிறகு, “சரி விடு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். இறக்கிடறேன்” என்றார். அடுத்த தெருவிலும் அளக்க வேண்டியிருந்ததால் அப்பா அந்த ஏணியைக் கேட்டார். “எடுத்துட்டுப் போ, அப்புறமா கொண்டாந்து போடு.”

மறுநாள் காலையில் வேறொரு வீட்டுக் கதவை அளந்தபோது கணக்கு உதைத்தது. கதவு ஏழு அடி என்று பார்த்தாலே தெரியும். டேப்பு எட்டு காட்டியது. அப்பா ஒன்றைக் கழித்தார். கழித்த அந்த நொடியில், நேற்று கழிக்காதது அவருக்கு நினைவு வந்தது.

வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் ஓடி வந்திருக்கிறார். தெருமுனையிலேயே இரும்பு அறுக்கும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளைக்கு அலுவலகத்தில் கெட்ட பெயர் வரக் கூடாது என்று மாமா விடிந்ததுமே ஆளைக் கூட்டிவந்து கால்களை அறுக்கத் தொடங்கியிருந்தார். அப்பா கையில் வேலைக்குக் கொண்டுபோகும் குடை இருந்தது. அதை விரித்தார். சத்தம் ஓயும் வரை அதற்குள்ளேயே நின்றார்.

கால்கள் குட்டையானதும் எங்கள் தொட்டியின் நிழல் பேனல்மேல் விழுந்தது. பேட்டரி பாதிக்கு மேல் ஏறவில்லை. மழைக்காலத்தில் கரண்ட் போய், நெடுநேரம் வரவில்லை. பெட்டியில் இருந்த முட்டை அத்தனையும் போயிற்று. மாமா தட்டுத் தட்டாக எடுத்துக் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தார். நாற்றம் எங்கள் வீடு வரைக்கும் வந்தது. அதன் பிறகு பெட்டியை விற்றுவிட்டு ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போனார்.

இதற்கு நடுவே அலுவலகத்தில் அப்பாவின் பெயர் ஓங்கியது. “பக்கத்து வீடு, உயிர்ச் சிநேகிதன். முக்கால் அடி கூட விட்டுக்கொடுக்கலையே!” என்று இன்ஜினியர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நிரந்தரமாக்க ஆள் எடுத்தபோது முதலில் அப்பாவைத்தான் சொன்னார்கள். தெருவில் யாராவது குறுக்கு வழி கேட்டால், “டேப்புக்காரர்கிட்டயா? கோழிக்காரருக்கே பாக்கலை” என்று அடுத்தவர் சொல்வார். நானும் பள்ளியில் இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

அப்பா ஒரே ஒருமுறை எங்கள் தண்ணீர்த் தொட்டியை இடம் மாற்ற ஆள் அழைத்து வந்தார். மாமா சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, “எனக்காகவா மாப்ள? வேண்டாம். முக்கால் அடி ஏத்தி வெச்சது என் தப்பு. உனக்கெதுக்கு வெட்டிச் செலவு?” என்று அந்த ஆளைத் திருப்பி அனுப்பினார். அப்பா அன்று சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னாள். காரணம் அவளுக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது, நான் சம்பாதித்து எங்கள் மாடியில் பேனல் போட்ட பிறகுதான். அப்பா ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். விதிகளை நகர அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் தேடிப் படித்துவிட்டு, மேதாவி மாதிரி, “ஆறு அடிக்குள்ள இருக்கான்னு ஒரு தடவை அளந்து பாருங்கப்பா” என்றேன். உள்ளே போய் அந்தப் பழைய டேப்பை எடுத்து வந்தார். விளிம்பில் பிடித்தார். அளவைச் சொல்லாமலே டேப்பைச் சுருட்டினார். பிறகு தொட்டியின் அடியில் உட்கார்ந்து, மேலே எழுதிய அவ்வளவையும் சொன்னார்.

“ஓடிப் போய் நிறுத்தியிருக்கலாமேப்பா.”

“இருக்கலாம். அப்ப ரெண்டு கால்தான் அறுத்திருந்தாங்க.”

“பின்ன ஏன்?”

“அறுந்த டேப்பால அளந்தேன்னு சொன்னா வேலை போயிடும்னு நெனச்சேன். அப்புறம் பாராட்டினாங்க. அதுக்கப்புறம் எப்படிம்மா சொல்றது?”

“இப்பவாவது சொல்லுங்க.”

“ஏணியைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது சொல்றேன்.”

ஏணி எங்கள் பின்சுவரில்தான் சாய்ந்திருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் பேச வேண்டியிருக்கும் என்பதால் கொடுக்கவில்லை. பார்த்தால் அடையாளம் தெரியும் என்பதால் எங்கள் ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டை அதற்கும் அடித்திருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று நான் நம்பிய ஒருவர், உட்கார்ந்து ஒவ்வொரு படியாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார். அதை நினைக்கும்போதுதான் எனக்கு உடம்பு கூசுகிறது.

அப்பா சொல்லவில்லை. அடுத்த வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்று மாமா காவல் உடையோடேயே வந்தார். வாசலில் நின்றவர்களிடம், “என் வீட்டு மாடியிலயே என்னைப் பாக்காம அளந்தான் பாருங்க, அவன் மனுஷன்” என்றார்.  நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். அவரிடம் மிஞ்சியிருப்பது அந்த நல்ல சிநேகிதன் மட்டும்தான், அதையும் பிடுங்கவா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அந்த நிரந்தரச் சம்பளம்தான் எனக்குக் கட்டணம் கட்டியது. சொன்னால் போவது அப்பாவின் பெயர் மட்டும்தானா, என் பெயரும் சேர்ந்தா? அந்தச் சமாதானத்தில் எத்தனை பங்கு மாமாவுக்காக, எத்தனை பங்கு எனக்காக என்று இன்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

போன வாரம் மாமா வந்து வாசலில் நின்றார். அவர் மாடிப் பேனலில் தூசி படிந்துவிட்டதாம், துடைக்க வேண்டுமாம்.

“மருமகளே, உங்க வீட்டு ஏணியைக் கொஞ்சம் குடேன். நானும் ஒண்ணு வெச்சிருந்தேன், எவன் வாங்கிட்டுப் போனான்னே ஞாபகம் இல்ல.”

“மாமா, அது வந்து...” என்றேன்.

“என்ன, அப்பா வெச்சிருந்ததாச்சேன்னு பாக்கறியா? பத்திரமா கொண்டாந்துடறேன்மா.”

நீல ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்தார். படிகளையெல்லாம் ஈரத்துணியால் துடைத்திருந்தார். அதே பின்சுவரில், இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்துவிட்டு, “அடுத்தவங்க பொருள் பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.