வேண்டுமென்றே விழுகிறார்

வீட்டில் அவளுக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர். வைத்தவன் தம்பி. ஓயாத அந்த வாய்க்குச் சம்பளம் கொடுக்கவும் ஓர் இடம் கிடைத்துவிட்டது. பேருந்து நிலையத்தின் மாடியறையில் மைக்கோடு உட்கார்ந்திருப்பாள். வண்டி வழியில் படுத்துவிட்டால் "சிறிது தாமதமாகப் புறப்படும்" என்பாள், அந்தத் தாமதத்தைக் காலையிலேயே திட்டம் போட்டு வைத்தது போல. கூட்டமும் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்துவிடும். இப்படி ஒரு குரல் எல்லோருக்கும் வாய்க்காது. வாய்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று இப்போது தோன்றுகிறது.

தம்பி போர் விமானி. விமானக் கண்காட்சிக்கு வர்ணனை செய்ய ஆள் தேடியபோது அக்காவின் பெயரை அவன்தான் சொன்னான். சமையலறையில் ஒரு கரண்டியை விமானமாக்கிப் பாடம் நடத்தினான்.

"கடைசி ஐட்டம் இதுதான்க்கா. நேரா மேல போவேன். உச்சியில வேகம் செத்துடும். அப்படியே வால் பக்கமா சறுக்குவேன். அப்புறம் மூக்கு கீழ திரும்பும், விழுவேன். வேகம் பிடிச்சதும் நிமிர்த்திடுவேன்."

"உனக்கு வேற பொழப்பே இல்லையாடா?"

"பாக்குறவங்களுக்கு ஈரக்குலை நடுங்கும். ஜனங்க பயந்துடக் கூடாது. அது உன் பொறுப்பு."

காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, "எனக்கு இப்பவே நடுங்குது" என்றாள். அவன் கரண்டியை அவள் தலைக்கு மேல் ஒரு சுற்று விட்டான். மூவரும் சிரித்துவிட்டார்கள்.

கண்காட்சியன்று அம்மாவுக்கு முன்வரிசையில் நாற்காலி. விமானம் தலைக்கு மேல் போனபோது நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு கூத்தாடின. அக்கா மைக்கில் வெளுத்து வாங்கினாள். கடைசியாக விமானம் செங்குத்தாக ஏறி, உச்சியில் நின்று, வால்புறமாகச் சறுக்கியது. கூட்டம் ஐயோ என்றது.

"பயப்படாதீர்கள். இது வித்தை. விமானி வேண்டுமென்றே விழுகிறார்."

மூக்கு கீழே திரும்பியது. உடனே விமானம் தட்டாமாலை சுற்ற ஆரம்பித்தது. சுற்றுவதைப் பற்றித் தம்பி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவளுடையது பழகிய வாய். தெரியாது என்று மைக்கில் சொல்லி அதற்கு வழக்கமில்லை.

"இதுவும் வித்தையில் ஒரு பகுதிதான். பலமாகக் கை தட்டி உற்சாகப்படுத்துங்கள்!"

மைதானமே தட்டியது. விமானம் மரங்களுக்கு அப்பால் இறங்கியது, கரும்புகை எழுந்தது. பக்கத்திலிருந்த அதிகாரி மைக்கைப் பிடுங்கினார். கைதட்டல் அங்கங்கே நின்றது. அம்மா மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள். மகள் சொன்னாளே! பக்கத்து நாற்காலிக்காரி அவள் கைகளைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

பிழைத்துக்கொண்டான். கடைசி நொடியில் இருக்கையோடு வெளியே பாய்ந்திருக்கிறான்; பாரசூட் பாதிதான் விரிந்ததாம். முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. இனிமேல் பறக்க முடியாது, நடப்பதைப் பற்றியே பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

கண் விழித்ததும் அக்காவைத்தான் தேடினான்.

"ஜனங்க ரொம்ப பயந்துட்டாங்களாக்கா?"

"இல்லடா. கை தட்டினாங்க."

"நல்ல வேளை. சமாளிச்சிட்டே."

அந்தப் பாராட்டைக் கேட்டதற்கு அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்ற அம்மா கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நானுந்தான்டா தட்டினேன்" என்றாள்.