கேட்டில் நின்ற நேரமும் கணக்குதான்

ஐம்பத்து மூன்று வயதில் மனிதர்கள் உம்ராவுக்கோ காசிக்கோ போவார்கள். நான் போன புதன்கிழமை இன்டர்வியூவுக்குப் போனேன். புலாவ் செபாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் இருபத்திரண்டு வருடம் பழ லாரிகளைத் தராசில் எடை நிறுத்து அனுப்பியவன் நான். அந்த வேலையை இப்போது ஒரு கேமராவும் கணினியும் பார்க்கின்றன. மஸ்ஜித் தானாவைத் தாண்டி, கடலோரத்தில், எண்ணெய்க் கப்பல்களுக்கு ஏஜெண்டாக இருக்கும் ஒரு ஆபிசில் கிளார்க் வேலை காலி என்று கேள்விப்பட்டேன். இதை விட்டால் வேறு வழியில்லை. வாங்கியே தீருவது என்று கிளம்பினேன்.

"கப்பலா? லங்காவி ஃபெர்ரியில என் பட்டுச்சேலையில வாந்தி எடுத்த ஆளுலாஹ் நீங்க!" என்று வழியனுப்பினாள் மனைவி சரோஜா.

ஏழரை பஸ்சில் அலோர் காஜா. மூன்று ரிங்கிட் சொச்சம். அங்கிருந்து கடலோரத்துக்கு பஸ்சை நம்பிப் போகாதீர்கள். நான் வாடகைக் கார் பேசினேன். ஓட்டுநர் லெட்சுமி, நாற்பது வயது இருக்கும், வாய் மட்டும் எண்பது. போகவர எழுபது ரிங்கிட், ஒரு மணி நேரம் காத்திருப்பது உட்பட. சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர்.

காரில் ஏறியதும், இன்டர்வியூவுக்காக மனப்பாடம் செய்திருந்த கப்பல் பாடத்தை முணுமுணுக்க ஆரம்பித்தேன்.

"அண்ணே, என்ன மந்திரமா? கார் நல்லாத்தான் ஓடுது, பயப்படாதீங்க."

விளக்கினேன். ஒரே ஒரு நடைக்குக் கப்பல் பேசினால் வாயேஜ் சார்ட்டர். ஆளோடு, இத்தனை மாதம் என்று எடுத்தால் டைம் சார்ட்டர். கப்பலை ஓட்டும் எண்ணெய்ச் செலவு எடுத்தவன் தலையில். வெறும் கப்பலை வாங்கி ஆளையும் நாமே போட்டால் பேர்போட்.

"அதாவது மச்சான்கிட்ட கார் சாவிய மட்டும் வாங்கிட்டுப் போறது."

"அதேதான்." சரக்கு ஏற்றி இறக்க அனுமதித்த நேரம் லேடைம். அதைத் தாண்டினால் சரக்குக்காரர் கப்பல்காரருக்குக் கட்டும் தண்டம் டெமரேஜ். கப்பல் வந்து "நான் தயார்" என்று கொடுக்கும் அறிவிப்புக்குப் பெயர் என்.ஓ.ஆர்.

"மாப்பிள்ளை மண்டப வாசல்ல வந்து நிக்கிறாருன்னு சொல்லி அனுப்புற மாதிரி," என்றாள். "ஆரத்தித் தட்டு வரலன்னா அவரு அங்கேயே வேர்த்துக்கிட்டு நிக்கணும்."

இருவரும் சிரித்தோம். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆபிசில் கேள்வி கேட்டவர் ஒரு மலாய்க்கார அம்மணி; மலாய் மரியாதைப்படி 'புவான்'. அல்லேஜ் என்றால் என்ன? தொட்டியில் எண்ணெய்க்கு மேலே இருக்கும் காலி இடம். நிரம்ப ஊற்றினால் சூட்டில் பொங்கும். தலையாட்டினார். அடுத்தது: "கப்பல் காலை ஆறு மணிக்கு வெளிக்கடலில் நங்கூரம் போட்டு என்.ஓ.ஆர். கொடுத்தது. சரக்கு இறக்கும் துறையில், அதாவது ஜெட்டியில், வேறு கப்பல். மறுநாள்தான் இடம் கிடைத்தது. நேரம் எப்போதிலிருந்து ஓடும்?"

படித்த பதில் தொண்டையில் இருந்தது. வாயில் வந்ததோ இருபத்திரண்டு வருடப் பழக்கம். "ஜெட்டியைத் தொட்டதும், புவான். வெளியே நிற்பது கணக்கில் வராது." ஆலையில் அப்படித்தான். லாரி வாசலில் அரை நாள் காய்ந்தாலும், தராசில் ஏறினால்தான் எங்களுக்கு அது வந்த லாரி.

புவான் பேனாவை மூடினார். "தெரிமா காசே." நன்றி, போய் வா என்று அர்த்தம்.

எழுந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், லெட்சுமி வெயிலில் காருக்கு வெளியே நின்று கைக்கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காக நிற்கிறாள். இந்த நேரம் யார் கணக்கு?

கதவுவரை போனவன் திரும்பி வந்து கேட்காமலேயே உட்கார்ந்தேன். "புவான், லாரி கேட்டைப் பூட்டுகிறவன் பதிலைச் சொல்லிவிட்டேன். நீங்கள் தேடுவது கப்பல் பக்கம் நிற்கிற ஆளை. என்.ஓ.ஆர். கொடுத்து ஆறு மணி நேரம் கழித்து, பகல் பன்னிரண்டிலிருந்து நேரம் ஓடும், ஜெட்டி காலியோ இல்லையோ. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய."

மூடிய பேனாவைத் திறந்தார். "படகில் போய்க் கப்பல் ஏற வேண்டியிருக்கும். கடல் ஒத்துக்கொள்ளுமா?"

"பிறந்ததிலிருந்தே, புவான்," என்றேன், சரோஜா பக்கத்தில் இல்லாத தைரியத்தில்.

திங்கட்கிழமை வரச் சொன்னார். மூன்று மாதம் பார்ப்பார்களாம்.

"அண்ணே, ஒரு மணி நேரம் எப்பவோ தாண்டிருச்சுலாஹ்!" என்றாள் லெட்சுமி.

"டெமரேஜ் போட்டுக்கோம்மா."

"ரெண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக். குறைக்க மாட்டேன்."

மஸ்ஜித் தானா கடைத்தெருவில், பரோட்டாவும் இழுத்து ஆற்றிய டீயுமாக, தண்டத்தைக் கட்டினேன்.

கப்பல் பார்க்க ஆசைப்பட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: ஜெட்டிக்குள் விடமாட்டார்கள், காவலரிடம் கெஞ்சிப் பயனில்லை. கடற்கரையில் நின்றாலே டேங்கர்கள் வரிசையாகத் தெரியும். தண்ணீருக்கு மேல் நிறைய உடம்பு தெரிந்தால் காலிக் கப்பல், முழுகினாற்போல் கிடந்தால் நிறைகப்பல். சும்மா நிற்பதுபோல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கலாம். கார் பேசும்போது காத்திருக்கும் நேரத்தை முதலிலேயே பேசிவிடுங்கள், தாண்டினால் தகராறு செய்யாதீர்கள்.

வீட்டில் செய்தியைச் சொன்னேன். சரோஜா அலமாரியைத் திறந்து ஒரு மருந்துக் கடைப் பையை நீட்டினாள். வாந்தி மாத்திரை, இரண்டு அட்டை.

"எப்ப வாங்கின?"

"நீங்க காலையில பஸ் ஏறின உடனே."