ஷெட் சாரின் இடது தூண்

போன மாதம் ஷெட் சாரின் மனைவி போன் செய்தார். "அக்கா, அவர் போயிட்டார். தூக்கத்துலயே" என்றார். முதுகில் படுக்கைப் புண் ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். என் தொழிலில் முதலில் அதைத்தான் கேட்போம். ஒன்றும் இல்லை என்றார். அந்தம்மா நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

படுக்கையில் விழுந்தவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது என் வேலை. முறையாகப் பயிற்சி எடுத்தவள். எத்தனையோ வீடுகள் பார்த்தாயிற்று, முகங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. இவர் முகம் மட்டும் கலக்கவில்லை.

தெருவில் எல்லோருக்கும் அவர் ஷெட் சார். வண்டி நிறுத்தும் கொட்டகை, சரக்குக் கிடங்கு, பேருந்து நிறுத்தத்துக் கூரை என்று இரும்புச் சட்டத்தில் நிற்கும் எதற்கும் கணக்குப் போட்டுக் கொடுப்பவர். எந்தத் தூணுக்கு எவ்வளவு கனமான இரும்பு வேண்டும், காற்றடித்தால் எவ்வளவு அசையும், கூரைமேல் ஆள் ஏறினால் தாங்குமா, இதெல்லாம் அவர் சொல்ல வேண்டும். மாடி மாடியாகப் பெரிய கட்டடம் எதையும் அவர் தொட்டதில்லை, தொட ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை. "ஊருக்கெல்லாம் ஷெட் போடுவார். இந்த வீட்டுல துணி காயப்போட ஒரு கொடி கட்டித் தர மாட்டார்" என்பார் மனைவி. "எவ்வளவு துணி போடுவேன்னு சொல்லு. லோடு தெரியாம எப்படிக் கட்டுறது?" என்பார் அவர். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கொடி கட்டப்படவே இல்லை.

ஐம்பது வயதுக்கு முன்னாலேயே அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. இடது கையும் இடது காலும் பலவீனம். நான் போனபோது கைத்தடி பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தார். பேச்சு தெளிவு, வலது கை நன்றாக வேலை செய்தது. பார்க்க வருகிறவர்கள் "ஆளு தேறிட்டாரே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தேறாதது எதுவோ அது வெளியே தெரியாது.

அவருடைய மூளை இடப்பக்கத்தை விட்டுவிட்டது. கண்ணில் குறை இல்லை. கண் பார்த்தாலும் மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்காது. தட்டில் வலது பாதிச் சோற்றை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு என்ன, இவ்வளவு கொஞ்சமா வச்சிட்டீங்க?" என்பார். இடது பாதி வைத்தது வைத்தபடி இருக்கும். நான் தட்டை அரை வட்டம் திருப்புவேன். "ஓ, வந்துருச்சா" என்று மறுபடி கை வைப்பார். டாக்டர் சொல்லிப் பார்த்தார், மனைவி சொன்னார், நானும் தினமும் சொன்னேன். "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. நீங்கதான் சோத்தை ஒளிச்சு வைக்கிறீங்க" என்பார். பொய் சொல்கிறவர் இல்லை. அவருக்கு அந்தப் பக்கம் உண்மையிலேயே கிடையாது.

இப்படிப்பட்டவர்களிடம் இடப்பக்கம் உட்கார்ந்துதான் பேச வேண்டும், அப்போதுதான் மூளை அந்தப் பக்கம் திரும்பப் பழகும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். என் ஸ்டூலை அவருக்கு இடது கைப் பக்கமே போட்டுக்கொள்வேன். "சார், மாத்திரை" என்றால் வலப்பக்கமெல்லாம் தேடிவிட்டு, "அசரீரி மாதிரி பேசாதீங்க அக்கா, நேர்ல வாங்க" என்பார்.

அந்த அறை இன்றைக்கும் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. ஜன்னலோரம் மேசை. அதன்மேல் பெரிய மண்டை வைத்த பழைய கம்ப்யூட்டர், அதற்கு மனைவி தைத்துப் போட்ட பூப்போட்ட உறை. மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையச் சுருட்டிய வரைபடங்கள். மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க அறுத்துப்போட்ட இரும்புத் துண்டுகளை வைத்திருப்பார். நான் துடைக்கும்போது ஒவ்வொன்றும் எந்த ஷெட்டில் மிஞ்சியது என்று சொல்வார். மத்தியானத்தில் கம்ப்யூட்டர் ஒரு பக்கம் உறுமிக்கொண்டிருக்கும், தெருவில் யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருப்பார்கள், இவர் பேசிக்கொண்டே இருப்பார். அவ்வளவு பேசும் நோயாளி எனக்கு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவருடைய ஆபீஸ் முதலாளி வந்தார். முதலாளி என்று பெயர்தான், கூடப் படித்தவர்.

"என்னடா, புது மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்க?"

"நீ வேலை குடுக்கலையே. வேற என்ன செய்ய?"

"குடுக்கத்தான் வந்தேன்." ஒரு வரைபடத்தை விரித்தார். "இது நாம கட்டி முடிச்ச சைக்கிள் ஷெட். விடை எங்கிட்ட இருக்கு. நீ முதல்ல இருந்து போடு. அடுத்த சனிக்கிழமை வந்து பாக்குறேன்."

"பரீட்சையா?"

"பரீட்சைதான். உங்கிட்ட மறைச்சுப் பேசி என்ன ஆகப்போகுது? சரியா வந்துச்சுன்னா திங்கக்கிழமை கார் அனுப்புறேன். வரலைன்னா உன் இடத்துக்கு வேற ஆள் போட்டாகணும்டா. இதுக்கு மேல என்னால இழுக்க முடியல." சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

முதலாளி போன பிறகு சாரின் மனைவி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். "அக்கா, இந்த வேலையும் போச்சுன்னா இவர் செவுத்தைப் பாத்துப் படுத்துருவார். எந்திரிக்கவே மாட்டார்" என்றார். அந்தம்மா அஞ்சலகத்தில் வேலை பார்த்தார், பகலில் வீட்டில் இருக்க முடியாது. "பாத்துக்கறேன்மா" என்றேன். இரும்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? சொல்லிவைத்தேன்.

திங்கட்கிழமை குளித்து முடித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் திரையைப் பார்க்கவில்லை. அவர் இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சின்னப் புள்ளைங்க வரையிற வீடு மாதிரிதான் அக்கா. ரெண்டு காலு, மேல ரெண்டு சரிவு." ஒவ்வொரு மூலையும் எங்கே இருக்கிறது என்பதை எண்களாகத் தட்டினார். எந்த மூலையை எதோடு சேர்ப்பது என்பதையும் எண்களாகவே தட்டினார். பழைய பழக்கம், விரல் தானாகப் போனது. கோடுகள் சேர்ந்து திரையில் ஷெட் எழுந்தது. இன்ன அளவு இரும்பு என்று அதற்குச் சொன்னார். பிறகு மவுஸைப் பிடித்தார். "இப்ப கால்ல முக்கோணம் வைக்கணும்."

"எதுக்கு சார்?"

"கால் தரையில நிக்குதுன்னு கம்ப்யூட்டருக்கு நாமதான் சொல்லணும். இல்லைன்னா ஷெட்டு அந்தரத்துல மிதக்குதுன்னு நினைச்சுக்கும்."

"நல்ல புத்திசாலி மிஷின்தான்."

"புத்தி நம்மளோடது அக்கா. வேகம் மட்டும்தான் அதோடது."

கூரையின் பாரத்தைக் கொடுத்தார், காற்றைக் கொடுத்தார், கணக்கை ஓடவிட்டார். கம்ப்யூட்டர் டிங்கென்றது. திரையில் எச்சரிக்கை. இந்தச் சட்டம் நிற்காது, கவிழ்கிறது என்றதாம். அவர் சிரித்தார். "கூரை மூலை நகர்ந்து நம்ம தெருவையும் தாண்டி எங்கேயோ போயிருச்சு அக்கா."

அழித்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடி கவிழ்ந்தது. மறுநாளும் அப்படியே. மில்லிமீட்டரை மீட்டர் என்று கொடுத்துவிட்டேனா என்று பார்த்தார். இரும்பின் அளவைப் பார்த்தார், மூட்டுகளைப் பார்த்தார். காலைப் பார்த்தார், முக்கோணம் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது, ஷெட் மட்டும் நிற்க மாட்டேன் என்றது. சாஃப்ட்வேரைத் திட்டினார். வியாழக்கிழமை திட்டுவதையும் நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் கவலையாக இருந்தது.

"இது நான் வேலைக்குச் சேந்தப்போ, கத்துக்கறதுக்காக முதமுதல்ல போட்ட கணக்கு. இதுவே வரல. துணியைப் போட்டு மூடிடுங்க அக்கா."

மூடினேன். ஆறுதல் சொல்வது என் வழக்கமில்லை. "சாப்பாட்டு நேரம் ஆச்சு" என்றேன்.

வலது பாதியைச் சாப்பிட்டார். "கொஞ்சமா வச்சிட்டீங்க" என்றார், குரலில் உயிர் இல்லாமல். நான் தட்டைத் திருப்பினேன். இந்தத் தடவை அவர் கை வைக்கவில்லை. தட்டையே பார்த்தார். பிறகு அவரே பழையபடி திருப்பினார். அவரைப் பொறுத்தவரை சோறு மறைந்தது. இன்னொரு முறை திருப்பினார், சோறு வந்தது. குழந்தை விளையாட்டுச் சக்கரத்தைச் சுற்றுகிற மாதிரி திருப்பிக்கொண்டே இருந்தார்.

"அக்கா, இது எப்பவுமே இப்படித்தானா?"

"எல்லா வேளையும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எல்லா வேளையும் சொல்றேன் சார்."

திடீரென்று எழுந்தார், கைத்தடியைக்கூட எடுக்கவில்லை. "கையைக் கழுவிட்டுப் போங்க, கீபோர்டு பிசுபிசுன்னு ஆயிடும்" என்று பின்னாலேயே ஓடிப்போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பூப்போட்ட உறையை அவரே உருவி எறிந்தார்.

"ஷெட்டுக்குப் பின்பக்கம் போறேன்" என்றார். மவுஸை மெல்ல இழுக்க, திரையில் அந்தச் சட்டம் கதவு திறப்பது போலத் திரும்பியது. இடப்பக்கம் இருந்த தூண் வலப்பக்கம் வந்து நின்றது. அதன் காலில் ஒன்றுமே இல்லை. இன்னொரு காலில் இருந்த சின்ன முக்கோணம் இதில் இல்லை. அவர் விரலை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டார்.

"இது நிக்கவே இல்ல அக்கா. நான் வைக்கவே இல்ல." இன்னும் உற்றுப் பார்த்தார். "காத்தையும் ஒரு பக்கம்தான் அடிக்க விட்டிருக்கேன்."

எங்கள் யார் வார்த்தைக்கும் கேட்காதவர் அந்தத் தூண் சொன்னதும் கேட்டுக்கொண்டார். அவருக்கு அந்த மொழிதான் புரியும். முக்கோணத்தை வைத்தார், காற்றின் அம்புகளை வைத்தார், சட்டத்தை மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

"இப்ப இடது கால்ல முக்கோணம் இருக்கா?"

"இருக்கு."

"எனக்குத் தெரியல."

"இருக்கு சார்."

தலையாட்டினார். இடப்பக்கத்து விஷயத்தில் இன்னொருவர் வார்த்தையை அவர் எடுத்துக்கொண்டது அதுதான் முதல் முறை. கணக்கை ஓடவிட்டார். எச்சரிக்கை வரவில்லை. ஷெட் நின்றது, காற்றுக்கு அசைய வேண்டிய அளவு மட்டும் அசைந்தது. அவர் அழுதார். வர வேண்டிய அழுகைதான், வரட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு டவலைக் கொடுத்து, மிச்சச் சோற்றைச் சாப்பிட வைத்தேன்.

சனிக்கிழமை முதலாளி வந்து, தாம் கொண்டுவந்த விடையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "டேய், அச்சு அசலா அதேதான்டா!" என்று முதுகில் ஒரு தட்டு தட்டினார். அந்தம்மா தேநீரோடு வாசற்படியில் நின்றிருந்தார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அத்தோடு விட்டிருக்கலாம்.

"இரு. ஒண்ணு சொல்லணும்" என்றார் ஷெட் சார்.

அந்தம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றார். அவர் நின்றது இவருக்கு இடப்பக்கம். இவர் பார்க்கவில்லை. முக்கோணம் வைக்காதது, ஒரு பக்கக் காற்றை மறந்தது, ஷெட்டுக்குப் பின்பக்கம் போனது எல்லாவற்றையும் சொன்னார். திரையில் சட்டத்தை முன்பக்கம் திருப்பிக் காட்டி, "இந்தப் பக்கம் எனக்கு இல்லடா. இப்பவும் இல்ல. இனிமேலும் வருமான்னு தெரியல" என்றார்.

அந்தம்மா தேநீர்த் தட்டை டங்கென்று வைத்தார். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியுதா பாருங்க அக்கா" என்று என் காதில் பொருமினார்.

முதலாளி தேநீரை எடுத்து, ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தார். பிறகு கேட்டார்: "நம்ம ஆபீஸ்ல யாரு போட்ட கணக்கையாவது இன்னொருத்தர் பாக்காம வெளிய அனுப்பிருக்கேனா?"

"இல்ல."

"நான் போட்டதை?"

"அதை ரெண்டு பேர் பாப்போம்."

"கொழுப்பு மட்டும் குறையல. அப்போ உனக்கு மட்டும் என்னடா தனி மரியாதை? உன்னோடதையும் பாப்பாங்க. திங்கக்கிழமை ரெடியா இரு."

"இடப்பக்கத்தை நல்லாப் பாக்கச் சொல்லு."

"சொல்றேன். கவுந்துச்சுன்னு தெரிஞ்சும் நீ எங்கிட்ட மறைச்சிருந்தா, அப்பதான் உன்னை வேண்டாம்னு சொல்லிருப்பேன். ஆனா ஒண்ணு, காரை மட்டும் நீ தொடக்கூடாது."

"ஏன்?"

"உனக்கு ரோடே பாதிதான்டா."

முதலில் சிரித்தது அந்தம்மாதான். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அவரே முகச்சவரம் செய்துகொண்டு, சட்டைக் காலரை இழுத்துவிட்டபடி கம்பீரமாக வெளியே வந்தார். வலது கன்னம் பளபளவென்று இருந்தது. இடது கன்னத்தில் தாடி அப்படியே.

"அந்தக் கன்னத்தை யாருக்கு விட்டு வச்சிருக்கீங்க?" என்றார் மனைவி.

தடவிப் பார்த்தார். "அட, ஆமா. இதுக்குப் பின்பக்கம் போய்ப் பாக்க முடியாதே."

வாசலில் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "ரெண்டு நிமிஷம்!" என்று கத்திவிட்டு அவரை நாற்காலியில் உட்கார வைத்து மிச்சத்தை நான் சிரைத்துவிட்டேன். காரில் ஏறும்போது தலை இடிக்காமல் கையை வைத்துப் பிடித்தேன். போய்விட்டார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அந்த ஆபீஸுக்குத்தான் போய்வந்தார் என்று அந்தம்மா பிற்பாடு எப்போதாவது போன் செய்யும்போது சொல்வார்.

அன்றைக்கு அந்தம்மாவும் வேலைக்குக் கிளம்பிய பிறகு வீட்டில் நான் மட்டும் இருந்தேன். என் தொழிலில் ஒரு வீட்டுக் கட்டில் காலியானால் அதற்கு வழக்கமாகக் காரணம் வேறு. இந்த வீட்டில் ஆள் வேலைக்குப் போயிருந்தார். கட்டில் விரிப்பை உருவி வாளியில் ஊறவைத்தேன். மெத்தையை ஜன்னலோரம் வெயிலில் சாய்த்தேன். அந்த வீட்டில் என் வேலை அன்றோடு முடிந்தது. என் பையை எடுத்துக்கொண்டு, அந்தம்மா சொல்லியிருந்தபடி சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.