எட்டாம் மாதத்துச் சூடு

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த சில மாதங்களிலேயே நான் நோயாளியாகிவிட்டேன். கல்லூரியில் ரத்ததான முகாம் நடத்தினார்கள். வீராப்பாகப் போய்ப் படுத்து ரத்தம் கொடுத்துவிட்டு பிஸ்கட்டும் தின்றேன். அடுத்த வாரம் ரத்த வங்கி டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். என் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதாம். கண்ணில் மஞ்சள் இல்லை, காய்ச்சல் இல்லை, வாடகை தராத குடித்தனக்காரன்போல் கிருமி மட்டும் உள்ளே இருக்கிறது.

"போயிடாதா சார்?"

"உனக்குப் போகும்னு தோணலை. படிப்பை விட வேண்டாம். ஆனா சர்ஜன் ஆகிற எண்ணம் இருந்தா இப்பவே மறந்துடு. உன் கை தவறி வெட்டுப்பட்டா நோயாளிக்கும் ஆபத்து. வீட்ல இருக்கிறவங்களையும் டெஸ்டுக்குக் கூட்டிட்டு வா."

எனக்கு இருந்ததே அந்த ஒரு எண்ணம்தான். அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அப்பா முன்பே போய்விட்டார். அம்மா ஏற்காட்டில் காப்பி எஸ்டேட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். "எம்புள்ள ஆபரேசன் டாக்டரு" என்று தொழிலாளர்களின் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். லீவில் போனால் அந்த வீடுகளின் இருமலும் சொறியும் எங்கள் வாசலில் காத்திருக்கும். முதல் வருஷத்தில் பிணத்தைத்தான் தொட விடுகிறார்கள் என்றால் யார் கேட்கிறார்கள்? அம்மாவிடம் கிருமியைப் பற்றி மட்டும் சொன்னேன். சர்ஜன் விஷயத்தை விழுங்கிவிட்டேன். அன்றிலிருந்து காலையில் கீழாநெல்லி, மத்தியானம் உப்பில்லாத சோறு. விடுதிக்குத் திரும்பினால் அறைத்தோழிகளுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். மலையிலும் மூச்சு முட்டியது, கீழேயும் மூச்சு முட்டியது.

அம்மாவை டெஸ்டுக்குச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். முடிவு வந்த அன்று இருவரும் அதே ரத்த வங்கி டாக்டர் முன்னால் நின்றோம். அம்மாவுக்குக் கிருமி இல்லை. முன்பு எப்போதாவது காமாலை வந்ததுண்டா என்று அவர் கேட்டார்.

அம்மா வளையலை மேலே தள்ளி முன்கையைக் காட்டினாள். பிறந்ததிலிருந்து நான் பார்த்து வரும் வட்டத் தழும்பு. அடுப்பில் சுட்டுக்கொண்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஏனுங்க டாக்டரய்யா, இவ வவுத்துல இருக்கைல, எட்டாம் மாசத்துல வந்துச்சுங்க. நொம்பப் படுத்திருச்சு. குப்பனூர்ல சூடு வெச்சாங்க, ஓடியே போச்சுங்க."

டாக்டர் என்னைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினார். வளர்ந்தவர்களின் உடம்பு பெரும்பாலும் இந்தக் கிருமியைத் தானாகவே விரட்டிவிடும். பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றினால், பச்சைக் குழந்தையின் உடம்புக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"என்ன கண்ணு சொல்றாரு?"

"நீங்க நல்லா இருக்கீங்கன்னு சொல்றாரும்மா."

திரும்பும்போது அம்மா வேண்டுமென்றே குப்பனூர் வழியாக மலையேறும் பஸ்ஸைப் பிடித்தாள். எதற்கென்று புரிந்தபோது பஸ் பாதி தூரம் போயிருந்தது. குப்பனூரில் என் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"எறங்கு சாமி. எனக்குச் சூடு வெச்ச பெரியவரு இன்னும் இருக்காரு."

"டாக்டருக்குப் படிக்கிறவம்மா நானு. சூடு வெச்சா கிருமி போவாது."

"அப்பறம் எனக்கு எப்படிப் போச்சு? உங்க டாக்டரே ஒண்ணுமில்லீன்னு சொல்லிட்டாரல்ல?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. உங்களுக்குத் தானாகப் போனது என்று சொன்னால், உனக்கு ஏன் போகவில்லை என்று கேட்பாள். அம்மா படிக்காதவள், முட்டாள் அல்ல. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் எட்டாம் மாதத்தில் போய் நிற்க வேண்டும். உங்களிடமிருந்துதான் வந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு சூட்டிலிருந்து தப்பிக்க அதைச் சொல்வதா? அம்மாவின் பின்னால் இறங்கினேன்.

பெரியவர் மஞ்சள் கொம்பை விளக்கில் காட்டினார். முனை கருகிச் சிவந்தது. உடற்கூறியல் வகுப்பில் நான் பெயர் சொல்லிப் படித்த நரம்புகளெல்லாம் என் கையில் விறைத்துக்கொண்டு நின்றன. "எந்தக் கைங்க?" என்று கேட்டார்.

அம்மா அவசரமாகக் குறுக்கே வந்தாள்.

"சோத்தாங்கை வேண்டாமுங்க. அது ஆபரேசன் பண்ற கை."

நான் இடது கையை நீட்டினேன்.