துணி சுற்றிய மணி

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்: மாப்பிள்ளைப் பையன், அவனுடைய அப்பா, அம்மா, அத்தை, அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த தரகர். பெண் வீட்டில் அக்கா, அக்காவின் வீட்டுக்காரர், அவர்கள் பெண் பார்க்க வந்த மூத்த மகள் பெரியவள். சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டு நான். ஆக ஒன்பது பேர். டம்ளர்களைக் கழுவித் துடைத்து எடுத்து வைத்தது நான்தான் என்பதால் கணக்கு மறக்கவில்லை. உள் அறையில் இருந்த அக்காவின் மகன் சின்னவனை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்கக்கூடாது என்பதுதான் ஏற்பாடே.

அக்கா எனக்கு உறவில்லை. எண்பதுகளில், மேற்குத் தாம்பரத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்தில், ஒரே காம்பவுண்டில் இரண்டு போர்ஷன். முன்னால் அவர்கள், பின்னால் நாங்கள். நான் எட்டாவதோடு நின்றவள், வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். பூட்டின பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிற சுபாவம் எனக்கு. அதனாலோ என்னவோ, அக்காவின் பயம் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

சின்னவன் ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவன். அப்போது எட்டு வயசு இருக்கும். பேச்சில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். டிபன் பாக்ஸ் மூடியைத் தரையில் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். இப்போது அதை ஆட்டிசம் என்கிறார்கள். அன்றைக்கு ஒரு டாக்டர் மூளை வளர்ச்சி கம்மி என்றார். இன்னொருவர், பெற்றவள் சரியாகக் கொஞ்சி வளர்க்கவில்லை என்றார். அக்கா அந்த இரண்டாவதைத்தான் மனசில் வைத்துக்கொண்டாள். எலெக்ட்ரிக் ரயில் சத்தம் கேட்டால் போதும், எதைப் போட்டிருந்தானோ அதைப் போட்டபடி பாதையைப் பார்க்க ஓடிவிடுவான்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கன்றுக்குட்டிக்குக் கட்டுகிற மணி ஒன்று வாங்கி, அவனுடைய அரைஞாண் கயிற்றில், கை எட்டாதபடி முதுகுப் பக்கம் கட்டிவிட்டாள் அக்கா. தெருக்குழாயில் ஒருத்தி, "இன்னாக்கா, கன்னுக்குட்டி வளக்கிறியா?" என்று கேட்டதற்கு, "ஆமா, சாணி அள்ள ஆள் தேடிக்கினு கீறேன், வரியா?" என்றாள். சிரிக்காமலேதான் சொன்னாள். அதுவரை அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. மணி அடித்தால் நடக்கிறான், அடிக்கவில்லை என்றால் உட்கார்ந்திருக்கிறான். வருஷக்கணக்காக அவள் காதுக்கு அது ஒன்றுதான் வேலை. குளிக்கும்போதுகூடக் கதவைச் சாத்தமாட்டாள். நான் வெளியே நிற்பேன். தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தத்துக்கு நடுவில் "கேக்குதா?" என்பாள். "கேக்குதுக்கா" என்பேன். ஒருநாள் தலை துவட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்குத் தூக்கம்கூட வேணாம்டி. இந்தக் காதைக் கழட்டி மாடத்துல வெச்சிட்டுச் செத்த நேரம் உக்காரணும்."

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அவள் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இன்றைக்கு மட்டும் சின்னவனைப் பற்றிப் பேச்சு வேண்டாம், நிச்சயம் ஆனபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று. தோல் கம்பெனியில் நாளெல்லாம் நின்றே வேலை செய்கிறவர், கெட்ட மனுஷர் இல்லை. பெரியவளுக்கு அதற்கு முன் வந்த இடமெல்லாம் இவனைப் பார்த்துத்தான் திரும்பிப் போயிருந்தது. அக்கா என்னிடம் வந்து ஒரு துண்டுத் துணி கேட்டாள். தைத்து மிஞ்சிய பச்சைத் துணி ஒன்றைக் கொடுத்தேன். மணியின் நாக்கில் அதைச் சுற்றி இறுக்கி முடிந்தாள். மூடியைக் கையில் கொடுத்து உள் அறையில் உட்காரவைத்தாள்.

வந்தவர்கள் நல்லபடியாகப் பேசினார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஏதோ வேடிக்கையாகச் சொன்னாள். அக்கா சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்க. காபித் தட்டோடு நின்ற நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு அமைதியாக இருந்தது. அமைதி என்றால் அவன் உட்கார்ந்திருக்கிறான் என்று அவள் உடம்பு பழகியிருந்தது. துணி சுற்றியதை அவள் மறந்திருக்கமாட்டாள். அவள் காதுதான் மறந்துவிட்டது.

உள்ளே போய் வந்தவள் என் கையைப் பிடித்தாள். "புள்ளயக் காணோம். கத்தாத," என்றாள். மூடி தரையில் கிடந்தது, பின்கதவு திறந்திருந்தது. அப்போது ஒரு ரயில் போனது. பெரியவள் கூடத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதை அக்கா வாசற்படியில் நின்று பார்த்தாள். ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். பிறகு எல்லோர் முன்னாலும் போய் நின்றாள்.

"எனக்கு இன்னொரு புள்ள இருக்கான். பேச வராது. இப்பக் காணோம். தேடித் தாங்க."

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, "மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா," என்றபடி செருப்பு மாட்டினார். எல்லோருமே ஓடினோம். ரயில்வே கேட்டில் கேட்கீப்பர் சின்னவனின் கையைப் பிடித்து நின்றிருந்தார். இரண்டு பாதைக்கும் நடுவில் நின்றானாம், ரயில் காற்றில் சட்டை படபடக்க. "மணியக் கட்டிட்டு அதுக்குத் துணி சுத்தி வெச்சிகீற. சத்தம் வந்திருந்தா கேட்டாண்டயே புடிச்சிருப்பேன்ம்மா," என்றார். அக்கா அங்கேயே உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள்.

அந்த இடம் அமையவில்லை. பெரியவள் ஒன்பது டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தாள். பின்னால் வேறு இடத்தில், எல்லாம் சொல்லித்தான் கல்யாணம் ஆனது. ஆனால் அக்கா அதற்குப் பிறகு அமைதியை நம்பவில்லை. பையன் மடியில் இருக்கும்போதே அவனைத் தேடுவாள். நன்றாகச் சிரித்ததற்குத்தான் அந்தத் தண்டனை என்று அவள் நினைத்தாள் என்பது என் எண்ணம். கேட்டதில்லை.

போன மாதம் வண்டலூரில் பெரியவள் வீட்டுக்குப் போனேன். அக்காவும் சின்னவனும் அங்கேதான் இருக்கிறார்கள். அவனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. இப்போதெல்லாம் எங்கேயும் ஓடுவதில்லையாம். மணி ஆணியில் தொங்கியது. அக்காவுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. நான் போனபோது குளித்துக்கொண்டிருந்தாள், கதவு ஒருக்களித்திருந்தது. சின்னவன் என் எதிரே அசையாமல் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேக்குதா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கேக்குதுக்கா," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

"கேக்குதாடி?"

தண்ணீர் ஊற்றுவது நின்றுவிட்டது. எழுந்துபோய்க் கதவிடுக்கில் கையை நீட்டினேன். ஈரக் கை ஒன்று அதைப் பற்றிக்கொண்டது. வெகுநேரம் விடவில்லை.